கழுத்தில் குழாய் வைக்கச் சொல்கிறார்கள்: கைக்குழந்தையின் டிராக்கியாஸ்டமி பற்றிப் பெற்றோர் என்னிடம் கேட்டவை

நான் டாக்டர் இல்லை. திருச்சியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் 28வது வாரத்தில் பிறந்தாள், எடை 1.1 கிலோ. ஏழு வாரம் வென்டிலேட்டர். பிறகு குழாயை எடுப்பதும், மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் திரும்ப வைப்பதுமாக ஐந்தாம் மாதம் வந்துவிட்டது. அப்போதுதான் கழுத்து வழியாகக் குழாய் வைத்தார்கள். மூன்றே கால் வயதில் அதை எடுத்தார்கள். இடையில் எங்களைப் பார்த்துப் பழகிய நர்ஸ் ஒருவர், "இந்த அண்ணன்கிட்ட பேசிப் பாருங்க" என்று என் நம்பரை வேறொரு பெற்றோரிடம் கொடுத்தார். அது அப்படியே கைமாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. போன் பேசும் எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தையின் விஷயத்தில் உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

டிராக்கியாஸ்டமின்னா என்னங்க? தொண்டையை அறுத்துடுவாங்களா?

மூக்கு, வாய் வழியாகப் போகும் காற்று குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. குரல்வளைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, மூச்சுக்குழாயில் ஒரு துளை செய்து, அதற்குள் வளைந்த சின்னக் குழாயை வைப்பார்கள். அதற்குப் பிறகு குழந்தை அந்தக் குழாய் வழியாக மூச்சு விடும். கைக்குழந்தைக்கு வைக்கும் குழாயின் உள்விட்டம் 3 அல்லது 3.5 மில்லிமீட்டர்தான். பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் நாலு சென்டிமீட்டர்கூட இருக்காது. கழுத்தைச் சுற்றி ஒரு பட்டி போட்டு அதைக் கட்டியிருப்பார்கள்.

உணவுக்குழாய் தனியாகப் பின்னால் இருக்கிறது, அதைத் தொடுவதில்லை. குரல் நாண்களையும் வெட்டுவதில்லை. டிராக்கியாடமி, டிராக்கியாஸ்டமி என்று இரண்டு பெயரும் காதில் விழும். முதலாவது வெட்டுவதைக் குறிக்கும், இரண்டாவது அங்கே நிற்கும் துளையை. வார்டில் வெறும் "டிராக்"தான்.

நுரையீரல் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க. அப்புறம் எதுக்கு இது?

காரணம் குழந்தைக்குக் குழந்தை மாறும். உங்கள் குழந்தையின் காரணம் எது என்பதை டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

சில குழந்தைகளுக்கு மேலே வழி அடைபட்டிருக்கும். இரண்டு குரல் நாண்களும் அசையாமல் இருக்கலாம், தாடை ரொம்பச் சின்னதாக இருந்து நாக்கு பின்னால் விழலாம், குரல்வளைக்குக் கீழே ரத்தநாளக் கட்டி இருக்கலாம். சிலருக்கு மூச்சுக்குழாயே தளர்ந்து, மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளும். இன்னும் சிலருக்கு வழியெல்லாம் சரி, ஆனால் மெஷின் உதவி மாதக்கணக்கில் வேண்டும்: குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் தேறாதவர்கள், தசை பலவீனம் உள்ளவர்கள், தூங்கினால் மூளை மூச்சு விடச் சொல்ல மறந்துபோகும் குழந்தைகள்.

என் மகளுக்கு இருந்தது குரல்வளைக்குக் கீழே சுருக்கம். அந்த இடத்தில் மூச்சுக்குழாயைச் சுற்றி முழு வளையமாக ஒரு குருத்தெலும்பு இருக்கிறது, அது விரிந்து கொடுக்காது. உள்ளே வீங்கினால் உள்பக்கமாகத்தான் வீங்கும். கைக்குழந்தைக்கு அந்த இடம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் 2 மில்லிமீட்டர், பரப்பில் பார்த்தால் கால்வாசிதான். பைப்பும் ஒயரும் விற்கிறவனுக்கு இந்தக் கணக்கு சொன்னவுடனே புரிந்தது. அதுவரை "சளி கட்டியிருக்கு, சரியாயிடும்" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேற வழியே இல்லையா? இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டுச் செய்யக் கூடாதா?

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று சிலர் தயங்குகிறார்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காரணத்தைப் பொறுத்து மாற்று வழிகள் உண்டு. பிறந்த சில நாட்களிலேயே மூச்சு உள்ளே போகும்போது "கொர்" என்று சத்தம் வரும் குழந்தைகளில் பலருக்குக் குரல்வளையின் மேல்பகுதி குழைவாக இருப்பதுதான் காரணம். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானே சரியாகிவிடும். கடுமையாக இருந்தால்கூட அந்தத் தொங்கும் சதையை வாய் வழியாகவே சீர்செய்யும் அறுவை இருக்கிறது. சின்னத் தாடை உள்ளவர்களைக் குப்புறப் படுக்கவைத்தே சமாளிக்கலாம், தேவைப்பட்டால் தாடை எலும்பை மெல்ல மெல்ல நீட்டும் சிகிச்சை செய்யலாம். ரத்தநாளக் கட்டியைச் சுருக்க ப்ரோப்ரனலால் என்ற இதய மருந்தே போதும் என்று பிரான்சில் போர்தோ நகர மருத்துவர்கள் 2008இல் கண்டு சொன்னார்கள். அதற்கு முன்பு கழுத்தில் குழாய் வைத்த பல குழந்தைகளுக்கு இன்று அது தேவைப்படாது. ஆரம்பநிலைச் சுருக்கத்தைப் பலூன் விட்டு விரித்துப் பார்ப்பார்கள். முகமூடி வழியாக அழுத்தக் காற்று கொடுப்பதும் சிலருக்குப் போதும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: "மயக்கம் கொடுத்து, கேமரா விட்டு மூச்சுவழி முழுக்கப் பார்த்தாச்சா? என்ன இருந்தது?" பார்க்காமலேயே முடிவு சொன்னால், அவசர நிலை இல்லாதபட்சத்தில், குழந்தைகளின் மூச்சுவழி பார்க்கும் காது மூக்கு தொண்டை நிபுணர் உள்ள இடத்தில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். ஆவி பிடிப்பது இதற்கெல்லாம் மாற்று இல்லை. வெந்நீர் கொட்டிக் குழந்தை வெந்துபோகும் ஆபத்துதான் அதில் இருக்கிறது.

வாய் வழியா ஏற்கெனவே ட்யூப் இருக்கே, அதையே இன்னும் ரெண்டு மாசம் வச்சிருந்தா என்ன?

வைத்திருக்கலாம்தான், ஆனால் அதற்கும் விலை உண்டு. அந்தக் குழாய் குரல் நாண்களுக்கு நடுவே போய் உராய்ந்துகொண்டே இருக்கும். முன்பு சொன்ன சுருக்கத்துக்குப் பெரும்பாலும் காரணமே நீண்ட நாள் இருந்த அந்தக் குழாய்தான். குழந்தை பிடுங்கிவிடாமல் இருக்கக் கையைக் கட்ட வேண்டும், மயக்க மருந்து தொடர்ந்து ஓட வேண்டும். சப்பவும் பழகாது, தலை தூக்கவும் பழகாது. பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்திலேயே கழுத்துக்கு மாற்றுவது பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். குழந்தைகளுக்கு இத்தனையாவது நாள் என்று கணக்குக் கிடையாது.

அறுவை முடிந்து மூன்றாம் நாள் என் மனைவி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டின் மேல் எப்போதும் ஒட்டியிருந்த பிளாஸ்டர் இல்லை. அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. மேலுதட்டில் என் அம்மாவுக்கு இருக்கிற மாதிரியே ஒரு மச்சம். ஐந்து மாதத்தில் அதை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

ஆபரேஷன்ல உயிருக்கு ஆபத்து உண்டா?

முழு மயக்கத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் முடியும் அறுவை. ரத்தக்கசிவு, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது, தொற்று ஆகியவை அப்போதைய ஆபத்துகள். முதல் வாரம்தான் கவனமாக இருக்க வேண்டிய காலம், ஏனென்றால் துளை இன்னும் பதப்பட்டிருக்காது, குழாய் வெளியே வந்தால் திரும்பப் போடுவது கஷ்டம். அதனால் மூச்சுக்குழாயின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு நூல் போட்டு, அதன் நுனிகளை நெஞ்சில் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருப்பார்கள். அவசரத்தில் அதை இழுத்தால் துளை திறக்கும். குழந்தையைப் பார்க்க வரும் அத்தை சித்தி யாரும் "இது என்ன நூல்" என்று பிய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து முதல் ஏழு நாளில் அறுவை செய்தவரே முதல் குழாயை மாற்றி, நூலையும் எடுத்துவிடுவார்.

மறைக்காமல் சொல்கிறேன். அறுவையைவிட வீட்டில்தான் ஆபத்து: குழாய் அடைத்துக்கொள்ளலாம், கழன்று விழலாம். உடனே கவனிக்காவிட்டால் உயிரே போகும். இப்படிக் குழாய் வைத்த குழந்தைகள் இறந்துபோவது பெரும்பாலும் அடிப்படை நோயால்தான் என்றாலும், இந்த இரண்டும் நாம் தடுக்கக்கூடியவை என்பதால் இவற்றைத்தான் உங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அழுதா சத்தமே வராதாமே? அப்போ பேசவே மாட்டானா?

ஆரம்பத்தில் சத்தம் வராது. காற்று குரல் நாண்களைத் தாண்டி மேலே போனால்தான் குரல் வரும், இங்கே அது கீழேயே வெளியேறிவிடுகிறது. வாய் திறந்திருக்கும், முகம் சிவக்கும், கண்ணீர் ஓடும், சத்தம் மட்டும் இருக்காது. இது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தும் முதல் தடவை பார்த்தபோது வார்டுக்கு வெளியே போய் நின்றுவிட்டேன்.

நாங்கள் ஒரு வேலை செய்தோம். என் மாமியார் யோசனை. இரண்டு காலிலும் நிறைய முத்து வைத்த கொலுசு. அழ ஆரம்பித்தால் காலை உதைப்பாள், சமையலறை வரைக்கும் கேட்கும். காலில் மாட்டும் ஆக்சிஜன் அளவு மெஷினுக்கு அது மாற்று இல்லை, கூடுதல் துணை. (பையன் என்றாலும் போடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.)

பேச்சைப் பொறுத்தவரை, குழாயைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி இருந்தால் குழந்தை வளர வளர காற்று மேலேயும் கசிந்து மெல்லிய சத்தம் வரத் தொடங்கும். குழாய் வாயில் மாட்டும் பேச்சு வால்வு ஒன்றும் உண்டு. காற்றை உள்ளே விடும், வெளியே வரும் காற்றைக் குரல் நாண் பக்கம் திருப்பிவிடும். அமெரிக்காவில் டேவிட் மியூர் என்ற இளைஞர், தசைநோயால் தானே வென்டிலேட்டரில் இருந்தவர், பேச வேண்டும் என்பதற்காக 1985இல் உருவாக்கியது அது. ஆனால் மேலே வழி அடியோடு அடைந்திருந்தால் அதைப் போடக் கூடாது, விட்ட காற்று வெளியே வர வழி இருக்காது. சில குழாய்களின் வெளிப்பக்கத்தைச் சுற்றி ஊதிவைக்கும் காற்றுப்பை ஒன்று இருக்கும், அது ஊதியிருக்கும்போதும் வால்வைப் போடவே கூடாது. டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொல்வார். அதுவரை பேச்சுப் பயிற்சியாளரிடம் கைச்சைகை கற்றுக்கொள்ளுங்கள். என் மகள் "பால்", "போதும்", "தாத்தா" மூன்றையும் கையால்தான் முதலில் சொன்னாள்.

பால் குடிக்க முடியுமா?

விழுங்குவதில் பிரச்சினை இல்லை என்றால் முடியும், தாய்ப்பால் உட்பட. நீண்ட நாள் வாயில் குழாய் இருந்த குழந்தைகள் சப்பவே மறந்திருக்கும், அதனால் கொஞ்ச நாள் மூக்குக் குழாயில் பால் போகும். குடித்த பால் டிராக் வழியாக வெளியே வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்புறம் தினமும் என்ன செய்யணும்?

முதல் வேலை சளி உறிஞ்சுவது, வார்டு பாஷையில் சக்ஷன். மூக்கு செய்யும் மூன்று வேலை, அதாவது காற்றை ஈரமாக்குவது, சூடாக்குவது, வடிகட்டுவது, இப்போது நடக்காது. அதனால் சளி அதிகமாகும், காயவும் காயும். கரகர சத்தம் கேட்டால், மூச்சு வேகமானால், உறிஞ்ச வேண்டும். சன்னமான குழாயை எத்தனை சென்டிமீட்டர் உள்ளே விட வேண்டும் என்று அளந்து கொடுப்பார்கள். டிராக் குழாயின் நுனி வரைதான், அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் சதை புண்ணாகும். நாங்கள் அந்த அளவை ஒரு அட்டையில் கோடு போட்டுத் தொட்டில் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். ஒவ்வொரு தடவையும் ஐந்து முதல் பத்து விநாடிக்குள் முடிக்க வேண்டும். என் மனைவி தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு செய்வாள். தனக்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கும் முட்டும் என்பது அவள் கணக்கு.

அடுத்து, குழாய் வாயில் மாட்டும் ஈரப்பத ஃபில்டர். "செயற்கை மூக்கு" என்பார்கள், அது ஏறக்குறைய எந்நேரமும் இருக்க வேண்டும். அப்புறம் கழுத்துப் பட்டி. தினமும் மாற்றி, அடியில் தோலைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் நுழைந்தால் தளர்ச்சி. எப்போதும் இருவராகச் செய்யுங்கள், ஒருவர் குழாயைப் பிடிக்க, ஒருவர் பட்டியை மாற்ற. குழாயை மாற்றுவது வாரம் ஒருமுறையா மாதம் ஒருமுறையா என்பது குழாயின் வகையைப் பொறுத்தது.

கரண்ட் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வது. வீட்டு சக்ஷன் மெஷின் சாதாரண இன்வெர்ட்டரிலேயே ஓடும். பேட்டரி உள்ள மெஷினாக வாங்கினால் பயணத்துக்கும் ஆகும். காலால் மிதித்து இயக்கும் மெஷின் ஒன்றும் கிடைக்கிறது, மின்சாரமே வேண்டாம், அதையும் ஒன்று வாங்கி வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் அளவை மாதம் ஒருமுறை பாருங்கள். முக்கால்வாசி வீடுகளில் யாரும் பார்ப்பதில்லை.

ராத்திரி யார் முழிச்சிருக்கறது?

என்னிடம் போனில் பேசுபவர்களில் பத்தில் ஒருவர்தான் இதைக் கேட்கிறார். என்னைக் கேட்டால் முடிவெடுக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி இதுதான். அறுவையை டாக்டர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு வரும் ஆயிரம் ராத்திரி நம்முடையது.

முன்பு சொன்னபடி குழந்தை அழுதால் சத்தம் வராது, ஆகவே எல்லோரும் அசந்து தூங்கவே முடியாது. இரவு ஒன்பதரையிலிருந்து இரண்டு வரை நான், இரண்டிலிருந்து காலை வரை மனைவி, மதியம் மாமியார் பார்க்க அவள் இரண்டு மணி நேரம் தூங்குவாள். மூவருமே ஆஸ்பத்திரியில் சக்ஷன், குழாய் மாற்றுவது, அவசர உதவி எல்லாவற்றையும் கையால் செய்து காட்டிய பிறகுதான் எங்களை வீட்டுக்கு விட்டார்கள். குறைந்தது இரண்டு பேராவது இப்படிப் பழக வேண்டும். அம்மா மட்டும் கற்றுக்கொண்டு அப்பா "எனக்குப் பயமாயிருக்கு" என்று ஒதுங்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் ஆறு மாதத்தில் நோயாளி ஆகிவிடுகிறார். பயம் எல்லோருக்கும்தான். எனக்கு முதல் தடவை கை நடுங்கியதில் நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ட்யூப் கழண்டு விழுந்துட்டா? திடீர்னு அடைச்சுக்கிட்டா?

எப்போதும் குழந்தையோடு ஒரு பை இருக்க வேண்டும், பக்கத்துத் தெருக் கோயிலுக்குப் போனாலும். அதில் அதே அளவுக் குழாய் ஒன்று, அடுத்த சின்ன அளவு ஒன்று, பட்டி, கத்தரிக்கோல், சக்ஷன் குழாய்கள், சலைன், வழவழப்பான ஜெல்லி, கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் அம்பு பை. அடைத்தால் சக்ஷன் செய்து பாருங்கள். சளி வராமல், குழந்தை தேறாமல் இருந்தால் யோசிக்காமல் குழாயை மாற்றுங்கள். அதே அளவு போகவில்லை என்றால் சின்னது. ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும்.

எந்தக் குழாயும் போகவில்லை என்றால் என்ன செய்வது என்பது நான் முதலில் சொன்ன காரணத்தைப் பொறுத்தது. மேலே வழி திறந்திருக்கும் குழந்தைக்குத் துளையை விரலால் மூடிக்கொண்டு வாய் மூக்கு வழியாக அம்பு பையில் காற்று கொடுக்கலாம். மேலே வழி மூடிய குழந்தைக்கு அது பயன்படாது, துளை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே "மேல்வழி திறந்திருக்கிறது" அல்லது "மூடியிருக்கிறது" என்று டாக்டரை எழுதித் தரச் சொல்லித் தொட்டிலிலும் பையிலும் ஒட்டிவையுங்கள். ஆம்புலன்சில் வருபவருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கும் இது தெரிந்திருக்காது.

எங்களுக்கு ஒரு முறை நடந்தது, என் தவறுதான். சித்திரை மாதம், புழுக்கம். ஃபில்டர் இருந்தால் குழந்தைக்கு வியர்க்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு அதைக் கழற்றிவிட்டு ஃபேனை வேகமாக வைத்தேன். விடியற்காலையில் கொலுசு தாறுமாறாகக் கேட்டது. உதடு நீலம். சக்ஷன் குழாய் உள்ளே இறங்கவே இல்லை. மனைவி பட்டியை வெட்டினாள், நான் புதுக் குழாயை வைத்தேன். எடுத்த குழாயின் நுனியில் காய்ந்த சளி, ஃபெவிகால் காய்ந்த மாதிரி. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்கு அது ஒரு நிமிடமாகத் தெரியவில்லை.

எண்ணெய் தேச்சு, சாம்பிராணி போடலாமான்னு எங்க அம்மா கேக்கறாங்க. மொட்டை, காதுகுத்து?

சாம்பிராணி வேண்டவே வேண்டாம். புகை வடிகட்டப்படாமல் நேரே நுரையீரலுக்குப் போகும். கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, மிளகாய் வறுக்கும் நெடி, பவுடர் எல்லாம் இதே கணக்கு. கொசுவுக்கு வலைதான். தீபாவளிக்கு நாங்கள் மூன்று வருடம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தோம்.

குளிப்பாட்டலாம். உட்கார்த்தி, மார்புக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர், தலைக்குத் தனியாக ஈரத்துணி அல்லது பின்பக்கம் சாய்த்து ஊற்றுவது. துளைக்குள் தண்ணீர் போனால் மூழ்குவதற்குச் சமம். காலில் போட்டுக் குளிப்பாட்டி, மூக்கில் ஊதி, தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுக்கும் பாட்டி வைத்தியத்தைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். மொட்டை போடலாம், வெட்டிய முடி உள்ளே போகாமல் ஃபில்டரும் மேலே ஒரு துணியும் இருக்கட்டும். காதுகுத்துக்குத் தடை இல்லை. கழுத்தில் சங்கிலி, தாயத்து, கறுப்புக் கயிறு வேண்டாம், இடுப்பிலோ காலிலோ கட்டிக்கொள்ளட்டும். என் அம்மாவிடம் இப்படிச் சொன்னதும் சண்டை இல்லாமல் முடிந்தது.

செலவு எவ்வளவு ஆகும்?

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், அதனால் தொகை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா, இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று ஆஸ்பத்திரியிலேயே உள்ள திட்ட மேசையில் அறுவைக்கு முன்பே கேளுங்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை மாதிரியான அரசு இடங்களையும் விட்டுவிடாதீர்கள். எல்லோரும் கணக்கில் சேர்க்க மறப்பது வீட்டுச் செலவை: சக்ஷன் குழாய், ஃபில்டர், பட்டி மாதா மாதம் தீரும். ஒரு சம்பளம் நின்றுபோவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், என் மனைவி வேலையை விட்டாள்.

எப்போ எடுப்பாங்க? வாழ்நாள் முழுக்க இப்படியேவா?

மறுபடியும் காரணம். நுரையீரல் தேறினால் போதும் என்ற குழந்தைக்கு ஒன்றிரண்டு வருடத்தில் எடுத்துவிடலாம். தசைநோய் இருந்தால் நிரந்தரமாக இருக்கலாம். சுருக்கம் என்றால் அதன் அளவைப் பார்ப்பார்கள். மேயர்–காட்டன் அளவுகோல் என்று ஒன்று உண்டு: பாதி வரை அடைப்பு முதல் நிலை, 70 சதவீதம் வரை இரண்டாவது, 99 வரை மூன்றாவது, வழியே இல்லை என்றால் நான்காவது. என் மகளுக்கு மூன்றாவது. விலா எலும்பின் குருத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து, சுருங்கிய இடத்தைப் பிளந்து நடுவே வைத்து அகலமாக்கினார்கள்.

எடுப்பதும் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் கேமராவில் பார்ப்பார்கள். குழாய்க்கு மேலே சதை வளர்ந்திருந்தால், அது அடிக்கடி வளரும், அகற்றுவார்கள். சின்னக் குழாய் போட்டு, மூடி போட்டு, பகலில் மூச்சு விடச் செய்து, பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி மூடியோடு தூங்கவைத்து, எல்லாம் சரியென்றால்தான் எடுப்பார்கள். துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். வருடக்கணக்கில் இருந்திருந்தால் மூடாமல் நிற்கலாம், தையல் போட வேண்டிவரும். மகளுக்குத் தையல் போட்டார்கள்.

வீட்டுல பெரியவங்க "கழுத்துல ஓட்டை போட்டு ஒரு உசுரா"ன்னு சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?

வாதாடாதீர்கள். டிராக் போட்ட குழந்தை ஒன்றை நேரில் காட்டுங்கள். உங்கள் வார்டு நர்சுக்கு யாரையாவது தெரிந்திருக்கும். இது புதுசும் இல்லை, தொண்டை அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி வருவதற்கு முன்பு, 1820களிலேயே பிரான்சில் மூச்சு முட்டிய குழந்தைகளுக்கு இதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெரியவரே மதிய முறையில் குழந்தையைப் பார்க்கப்போகிறவர் என்றால், அவர் பயத்தைத் தள்ளாதீர்கள். அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கற்கச் சொல்லுங்கள்.

டாக்டரே "வேணாம்னும் நீங்க முடிவு பண்ணலாம்"னு சொல்றாரு. அப்படின்னா குழந்தையைக் கைவிடறதா?

இந்தக் கேள்வி வந்தால் நான் கடையை விட்டு வெளியே வந்துதான் பேசுவேன். சில குழந்தைகளுக்கு அடிப்படை நோய் நாளுக்கு நாள் முற்றிக்கொண்டே போகும். குழாயால் மூச்சு நீளும், நோய் மாறாது, மெஷினை விட்டு வர முடியாது. அப்படிப்பட்ட இடத்தில்தான் டாக்டர்கள் இப்படிச் சொல்வார்கள். முதுகுத்தண்டு நரம்புத் தசை நலிவு நோயின் கடுமையான வகை அப்படித்தான் பார்க்கப்பட்டது. இப்போது அதற்கே மருந்துகள் வந்திருக்கின்றன, ஆகவே "புதுச் சிகிச்சை எதுவும் இந்த நோய்க்கு உண்டா" என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

பிறகு டாக்டரிடம் இரண்டு கேள்வி. குழாய் வைத்தால் ஒரு வருடம் கழித்து என் குழந்தை எப்படி இருக்கும்: விழித்திருக்குமா, என்னைத் தெரியுமா, வலி இருக்குமா? வைக்காவிட்டால் மூச்சுத் திணறும்போது அதைத் தணிக்க என்ன கொடுப்பீர்கள், ஆஸ்பத்திரியிலா வீட்டிலா? திணறலைக் குறைக்கவும் அமைதியாக வைத்திருக்கவும் மருந்துகள் உண்டு. வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவு இருந்தால் அவர்களை முடிவுக்கு முன்பே வரச் சொல்லுங்கள்.

நான் பேசியவர்களில் ஒரு தம்பதி வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். தேனிப் பக்கம். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பதினோரு நாள் மடியிலேயே வைத்திருந்தார்கள். அந்த அப்பா இப்போதும் எப்போதாவது போன் செய்வார். கடையில் வியாபாரம் எப்படி என்று கேட்பார், பாப்பா ஸ்கூலுக்குப் போகிறாளா என்று கேட்பார், வைத்துவிடுவார்.